பேச்சுரிமை, இணையத் தணிக்கை, குடியுரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் கோலம் போட்ட சிலரைக் காவல்துறை பிடித்துச் சென்று அன்றே விடுவித்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, அதே சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் பதாகை ஏந்தி நின்ற சென்னை ஐஐடியின் ஜெர்மானிய மாணவர் ஒருவர், குடிநுழைவு அதிகாரிகள் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னதாகத் தெரிவித்துத் தாய்நாடு திரும்பினார். இரு தரப்பும் சொன்ன கருத்து ஏறக்குறைய ஒன்றுதான். கோலம் போட்டவர்கள் மாலையில் வீட்டுக்குப் போனார்கள். பதாகை ஏந்தியவர் விமானம் ஏறினார். பேச்சுரிமையையும் குடியுரிமையையும் நாம் தனித்தனியாக விவாதித்துப் பழகிவிட்டோம். இந்தியச் சட்டத்தில் ஒன்றைத் தொடாமல் மற்றதைப் பேச முடியாது என்பதை விளக்கவே, இவ்விவாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அரசமைப்புச் சட்டம் பேச்சுரிமையை யாருக்குத் தருகிறது?

குடிமக்களுக்கு மட்டும். கூறு 14 சட்டத்தின் முன் சமத்துவத்தை "எவருக்கும்" மறுக்கக் கூடாது என்கிறது. கூறு 21 உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் "எவரிடமிருந்தும்" சட்ட நடைமுறையின்றிப் பறிக்கக் கூடாது என்கிறது. கூறு 25 தரும் மத சுதந்திரமும் எல்லா மனிதர்களுக்கும் உரியது. ஆனால் பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம், குடியிருப்பு, தொழில் ஆகியவற்றைத் தரும் கூறு 19 "எல்லாக் குடிமக்களுக்கும்" என்று தொடங்குகிறது. ஆகவே, இந்த நாட்டில் அகதியாக வாழும் ஒருவர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ செல்வதற்கு அரசமைப்பின் காப்பு உண்டு. தன் நிலைமையைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதற்கு அதே அளவு வெளிப்படையான காப்பு கிடையாது.

எந்தக் காரணங்களுக்காக அரசு பேச்சைக் கட்டுப்படுத்தலாம்?

கூறு 19(2) எட்டுக் காரணங்களைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். இவற்றுக்கு வெளியே வேறொரு காரணத்தை அரசு கண்டுபிடிக்க இயலாது; இவற்றுக்குள் அடங்கும் கட்டுப்பாடும் நியாயமானதாகவும் ஒரு சட்டத்தின் வழியாகவும் இருந்தாக வேண்டும்.

இந்தப் பட்டியல் 1950இல் இப்படி இருக்கவில்லை. அது வளர்ந்த கதையில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் தடை விதிக்கப்பட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் அத்தடையை ரத்து செய்தது. பொது ஒழுங்கு என்ற காரணமே அன்றைய 19(2)இல் இல்லை என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. அடுத்த ஆண்டே முதலாவது அரசமைப்புத் திருத்தம் வந்து, பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றத் தூண்டுதல் ஆகிய மூன்றையும் சேர்த்தது. "நியாயமான" என்ற அடைமொழியும் அப்போதுதான் இந்த உட்கூறுக்குள் வந்தது. பிற்காலத்தில் குடிமக்கள் வென்ற பல வழக்குகள் அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் வெல்லப்பட்டன.

இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற காரணம் 1963இல் பதினாறாவது திருத்தத்தால் சேர்ந்தது. திராவிட நாடு கேட்ட தி.மு.க.வை மனத்தில் வைத்தே அது கொண்டுவரப்பட்டது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற விதியும் அதே திருத்தத்தில் நுழைந்தது. மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். அவ்வாண்டே கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கோரிக்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு குறிப்பிட்ட கட்சியின் மேடைப் பேச்சை நிறுத்த எழுதப்பட்ட சொற்கள், அக்கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டு அறுபதாண்டுகள் கடந்த பின்பும் எல்லோருடைய பேச்சின் மீதும் நிற்கின்றன என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஒரு கருத்து பிறர் மனத்தைப் புண்படுத்தினால் தடை செய்யலாமா?

மனம் புண்படுவது 19(2)இல் உள்ள காரணம் அன்று. இடஒதுக்கீட்டைக் குறித்த ஒரு தமிழ்த் திரைப்படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, ரங்கராஜன் எதிர் ஜகஜீவன் ராம் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையிலான உறவு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறிபோல நெருக்கமாக இருக்க வேண்டும் என்றும், ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்கு அரசு பணிந்து பேச்சை அடக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. படத்தின் கருத்தோடு உடன்படாதவர்களும் இத்தீர்ப்பை மதிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கலவரம் செய்வேன் என்று சொல்பவருக்குத் தணிக்கை அதிகாரம் போய்விடாமல் காப்பது இதுதான்.

மத உணர்வைத் திட்டமிட்டு அவமதித்தல், பிரிவுகளுக்கிடையே பகை வளர்த்தல் ஆகியவை குற்றங்களே. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 299, 196 ஆகிய பிரிவுகளில் உள்ளன. ஆனால் இவற்றுக்கு உள்நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். சமூக ஊடகத்தில் பகிர்ந்த ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கையை 2025 மார்ச் 28 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், எந்த விமர்சனத்தையும் தாக்குதலாக எடுத்துக்கொள்ளும் பலவீனமான மனத்தை அளவுகோலாக்கக் கூடாது என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள இத்தகைய குற்றச்சாட்டுகளில், வழக்குப் பதிவதற்கு முன்பு முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் அது காவல்துறைக்கு அறிவுறுத்தியது.

அப்படியானால் வரம்பே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. ஒரு சாதியினரையோ மதத்தினரையோ அடிக்கச் சொல்லும் பேச்சும், ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை அவர் ஒப்புதலின்றிப் பரப்புவதும் பேச்சுரிமை அல்ல. வரம்பை எழுதும் கை எது, அதை யார் சரிபார்க்கிறார்கள், பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லப்படுகிறதா என்பவையே என் கவலை. நக்கீரன் இதழின் ஆசிரியர் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த 1994ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கில், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் குறிப்பை வெளியிடும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை, அவதூறு என்றால் வெளியான பின்பு வழக்காடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் வெளியீடு, பிறகு பொறுப்பு என்ற இந்த வரிசையை இணையச் சட்டங்கள் மெல்ல மெல்லத் தலைகீழாக்கி வருகின்றன.

இணையத்தில் எழுதினால் கைது செய்யலாம் என்ற 66ஏ பிரிவு இன்னும் உள்ளதா?

இல்லை. "எரிச்சலூட்டும்", "அசௌகரியம் தரும்" செய்திகளுக்குக்கூட மூன்றாண்டுச் சிறை விதித்த அப்பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குள் 2008இன் திருத்தத்தால் வந்தது. பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் குறித்து 2012 நவம்பரில் ஒரு பெண் முகநூலில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு விருப்பக்குறி இட்டார். பால்கரில் இருவரும் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக எழுந்த ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவை முழுதாக நீக்கியது. ஒன்றைப் பற்றி உரையாடுவதும், அதை எவ்வளவு கடுமையாக ஆதரித்து வாதிடுவதும் காக்கப்பட்டவை; தூண்டுதல் என்ற கட்டத்தை எட்டும்போதுதான் அரசு குறுக்கிடலாம் என்பது அத்தீர்ப்பின் மையம். அதன் பின்பும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட நேர்ந்தது. செத்த சட்டத்தில் வழக்கு என்றால், கைதான மனிதருக்கு மட்டும் அது உயிருள்ள சட்டம்தான்.

ஒரு பதிவையோ தளத்தையோ அரசு எப்படி முடக்குகிறது?

இரண்டு வழிகள் உள்ளன, இரண்டும் வேறுவேறு.

முதல் வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. இதில் எட்டுக் காரணங்களும் கிடையாது. இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு ஆகியவற்றைச் சுற்றியே இது நிற்கிறது. அவதூறோ நாகரிகக் குறைவோ இங்கே செல்லாது. 2009ஆம் ஆண்டின் விதிகள்படி ஒரு குழு கூடி ஆராய வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 செயலிகள் முடக்கப்பட்டது இப்பிரிவின் கீழ்தான். ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு இப்பிரிவை ஏற்றுக்கொண்டது. எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவர் தரப்பும் கேட்கப்பட வேண்டும் என்று புரிந்துகொண்டுதான் ஏற்றது. நடைமுறையில், விதியில் உள்ள "அல்லது" என்ற சொல்லைக் காட்டி நிறுவனத்துக்கு மட்டும் அறிவிப்பு அனுப்ப முடிகிறது. விதி 16 எல்லாவற்றையும் இரகசியமாக்குகிறது. ஆகவே எழுதியவருக்குக் காரணமும் தெரிவதில்லை, எதிர்த்து வழக்காட ஆணையின் நகலும் கிடைப்பதில்லை.

நமக்கு அண்மையில் கண்ட உதாரணம் விகடன். இந்தியர்கள் விலங்கிடப்பட்டு அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட செய்தியையொட்டி, பிரதமரை விலங்கோடு வரைந்த கேலிச்சித்திரம் விகடனின் மின்னிதழில் வந்தது. 2025 பிப்ரவரியில் விகடனின் இணையதளமே முடங்கியது. ஒரு சித்திரத்துக்காக ஒரு நிறுவனத்தின் மொத்தப் பக்கங்களும், அவற்றில் இருந்த சமையற்குறிப்பும் விவசாயச் செய்தியும் சேர்த்து, வாசகருக்கு மறுக்கப்பட்டன. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க உத்தரவிட்டது. தளம் திரும்பியது நிம்மதிதான். ஆனால், சித்திரம் சட்டத்தை மீறியதா என்ற கேள்விக்கு விடை வருமுன்பே அதை எடுக்க வேண்டியிருந்ததை என்னால் இயல்பாக ஏற்க முடியவில்லை.

இரண்டாவது வழி 79(3)(பி) பிரிவு. பயனர் எழுதுவதற்குச் சமூக ஊடக நிறுவனம் பொறுப்பாகாது என்ற பாதுகாப்பை, அரசு சுட்டிக்காட்டியும் நீக்காவிட்டால் நிறுவனம் இழக்கும் என்கிறது இது. 2021 பிப்ரவரியில் விதிகள் வெளிவந்தபோது இதற்கு 36 மணி நேரக் கெடு வைக்கப்பட்டது. இவ்வறிவிப்புகளை அனுப்ப உருவான 'சஹ்யோக்' தளத்தை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அதன் பின்பு, இணைச் செயலாளர் நிலைக்கோ, காவல்துறையானால் டிஐஜி நிலைக்கோ குறையாத அதிகாரிதான் இத்தகைய அறிவிப்பை அனுப்பலாம் என்று விதிகள் திருத்தப்பட்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தன.

அத்தீர்ப்பின் ஒரு வாதத்தைக் கவனியுங்கள்: கூறு 19 குடிமக்களுக்கே உரியது, அயல்நாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது. சட்டப்படி இது புதிதல்ல. ஆனால் அறிவிப்பு போவது அந்த நிறுவனத்துக்கு. எழுதிய இந்தியக் குடிமகனுக்கு அறிவிப்பு வருவதில்லை. உரிமை உள்ளவருக்குத் தகவல் இல்லை, தகவல் உள்ளவருக்கு உரிமை இல்லை. இந்த இடைவெளியில்தான் இன்றைய இணையத் தணிக்கை நடக்கிறது.

அரசைப் பற்றிய செய்தி பொய்யென்று அரசே முடிவு செய்யலாமா?

அதற்காக 2023 ஏப்ரலில் கொண்டுவந்த உண்மை சரிபார்ப்புப் பிரிவை, குணால் கம்ரா தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கியது. இரு நீதிபதிகள் மாறுபட்டதால் மூன்றாவது நீதிபதியிடம் சென்று, 2024 செப்டம்பர் 20 அன்று முடிவானது.

இணையத்தையே நிறுத்தினால்?

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டையும் 13 பேர் இறந்ததையும் அடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. பிள்ளை என்ன ஆனானோ என்று தவித்த குடும்பங்களுக்கும், நடந்ததைப் பதிவு செய்ய முயன்றவர்களுக்கும் அந்நாள்களில் வாய் கட்டப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்பார்கள். நம்பத்தக்க செய்தியும் சேர்ந்தே தடைபடும்போது வதந்திக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஜம்மு காஷ்மீர் முடக்கம் குறித்த அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையற்ற முடக்கம் செல்லாது, ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்றது.

சமூக ஊடக நிறுவனமே என் பதிவை நீக்கினால் என்ன செய்வது?

முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். திருப்தி இல்லையென்றால் 30 நாள்களுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவை இணையவழியே அணுகலாம்.

பிறந்த மண் என்பதாலேயே ஒருவர் குடிமகன் ஆவாரா?

பிறந்த நாளைப் பொறுத்தது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், தூதரகக் குடும்பம் போன்ற சில விலக்குகள் தவிர, குடிமகனே. அதற்குப் பின்பு 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதன் பின்பு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவோ இருந்தாக வேண்டும்.

இந்தத் தேதிகளின் கனம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் தெரியும். அங்கே 1986இல் பிறந்து, பின்னர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஏற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் ஓரிரு ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால், அவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும்.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழருக்கு உதவுமா?

உதவாது. 2019 டிசம்பரில் நிறைவேறி, 2024 மார்ச் 11 அன்று விதிகள் வெளியான இச்சட்டம், ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன்பு வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விடுவிக்கிறது. அவர்கள் குடியுரிமை பெற இங்கே வசிக்க வேண்டிய காலத்தையும் 11 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைக்கிறது. இலங்கையும் பட்டியலில் இல்லை, இஸ்லாமியரும் இல்லை. 1983 முதல் கடல் கடந்து வந்தவர்களில் 50,000-க்கும் மேற்பட்டோர் இன்னும் தமிழ்நாட்டின் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் உள்ளனர். இவர்களில் மலையகத் தமிழரின் வழித்தோன்றல்களும் உண்டு. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தது. அந்தப் பங்கீட்டில் எங்கோ விடுபட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளையும் முறையான தாளின்றி வந்தவர்கள் என்று சட்டம் தள்ளி வைப்பது கொடுமை. அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மதுரைக் கிளை 2019 ஜூனில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

பேசியதற்காகக் குடியுரிமையே பறிபோகுமா?

பிறப்பால் குடிமகனானவருக்குப் பறிபோகாது. ஆனால் இயல்புரிமையாலும் (இங்கே சட்டம் கேட்கும் காலம் வசித்து விண்ணப்பித்துப் பெறுவது) பெரும்பாலான பதிவு வகைகளாலும் குடியுரிமை பெற்றவர், "செயலாலோ பேச்சாலோ" அரசமைப்புக்கு விசுவாசமின்மை காட்டினால் அதை நீக்கலாம் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 10. அறிவிப்பும், கேட்டால் விசாரணைக் குழுவும் உண்டு. இந்திய வம்சாவளி அயல்நாட்டவருக்குத் தரப்படும் அயலகக் குடியுரிமை (ஓசிஐ) அட்டை வைத்திருப்போருக்குப் பிரிவு 7டி ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டு குடிமக்கள் ஒரே மேடையில் ஒரே சொல்லைச் சொன்னால், ஒருவர் வழக்கை மட்டும் சந்திக்கிறார், மற்றவர் நாட்டையே இழக்கக்கூடும். இப்பிரிவு அரிதாகப் பயன்படுவது ஆறுதலாகாது. அது இருப்பதே பேசுபவரை யோசிக்க வைக்கப் போதும்.

குடிமகன் அல்லாதவரின் பேச்சுக்கு எந்தக் காப்பும் இல்லையா?

உண்டு, குறுகலாக. அயல்நாட்டவரின் உரிமை கூறு 21இல் அடங்கும் என்று 1991இல் லூயி டி ரெய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதை ஓரடி முன்னே கொண்டுசென்றது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்துக்குச் சென்ற, ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் போலந்து மாணவருக்கு அளித்த வெளியேற்ற அறிவிப்பை அது ரத்து செய்தது; அரசியல் கருத்து கொள்வதும் சொல்வதும் கூறு 21இன் தனிமனிதச் சுதந்திரத்தில் ஓரளவு அடங்கும் என்றது. சென்னை மாணவர் விமானம் ஏறியபோது இத்தீர்ப்பு வந்திருக்கவில்லை.

மறுபுறம், 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இங்கே குடியிருக்கும் உரிமை கூறு 19இன்படி குடிமக்களுக்கே என்று சொல்லி அதை ஏற்க மறுத்தது.

முகாமில் வாழும் ஒருவர் அரசை விமர்சித்து இணையத்தில் எழுதினால்?

குற்றவியல் சட்டம் குடிமகனுக்குப் பொருந்துவதுபோலவே அவருக்கும் பொருந்தும். பேச்சுரிமையைத் தரும் 19(1)(அ) என்ற கவசம் மட்டும் இருக்காது. கூறு 14, 21 ஆகியவற்றைக் கொண்டு அவர் வழக்காடலாம். ஆனால் தங்கும் அனுமதி, உதவித்தொகை, வெளியூர் செல்ல இசைவு எல்லாமே நிர்வாகத்தின் கையில் இருக்கும் ஒருவர், எழுதிய வரியை அனுப்பும் முன்பே அழித்துவிட நிறையக் காரணம் உண்டு. அதற்கு 69ஏ ஆணை தேவையில்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து அவர்களை விடுவித்தது. இனி அவர்களைச் சிறையில் அடைக்க மாட்டார்கள் என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் விலக்கு குடியுரிமை ஆகாது. இலங்கைப் பெற்றோருக்கு 2005இல் முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, இப்போது இருபது வயதைக் கடந்துவிட்ட ஒருவருக்கு, தான் வாழும் ஒரே நாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமையைக் கூறு 19 இன்னும் தரவில்லை.